பாட்டியும் பதினோரு பிள்ளைகளும்

கேள்வி: முதல் பிரசவம் சிசேரியன். இரண்டாவதை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்கிறார் கணவர். அவருடைய பாட்டி பதினொன்று பெற்றும் ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லையாம். என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: பதினொன்றில் எத்தனை தங்கியது என்று கேட்டீர்களா? அதோடு, பாட்டியின் கர்ப்பப்பையில் தையல் இல்லை. உங்களுக்கு இருக்கிறது.

கத்திக்குப் பயப்படுவது நியாயம்தான். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100-க்கு சுமார் 45 பிரசவம் சிசேரியன். 'ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்' என்று நியூயார்க் டாக்டர் எட்வின் கிராகின் சொன்னது 1916-இல். அன்று கர்ப்பப்பையை நெட்டுவாக்கில் கீறினார்கள். இன்று பெரும்பாலும் கீழ்ப்பகுதியில், குறுக்குவாக்கில். அதனால், தகுதியுள்ளவர்கள் முயன்றால் நாலில் மூன்று பேருக்குச் சுகப்பிரசவமே ஆகிறது.

ஆனால் ஆஸ்பத்திரியில். ஏறக்குறைய 200-இல் ஒருவருக்கு வலியின்போது பழைய தையல் விட்டுப்போகலாம். அப்போது தேவை ஆபரேஷன் தியேட்டர், ரத்தம், மயக்க மருந்து டாக்டர். அதுவும் சில நிமிடங்களில். இவை மூன்றும் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால், தாராளமாக வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 108 வரும், வழியில் ரயில்வே கேட்டும் வரும்.

முதலில் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். வயிற்றில் தெரியும் தழும்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். உள்ளே கீறல் வேறு மாதிரி இருக்கலாம். போகும்போது கணவரையும் கூட்டிப் போங்கள்.