ஓட்டை அழியாமை விதி: வேலணையில் ஒரு சம்ப் மாற்றம் குறித்த ஆய்வு

1. பெயராய்வு

கார் இஞ்சினின் அடியில் ஒயிலைத் தாங்கிக்கொண்டு தொங்கும் இரும்புத் தட்டுக்குச் சம்ப் என்று பெயர். 'எண்ணெய்த் தட்டம்' எனத் தூய தமிழில் சொல்லலாம். சொன்னால் யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் எந்த மெக்கானிக்கும் திரும்பிப் பார்க்கமாட்டார். 'சம்பு' என்று சிவபெருமானுக்கும் ஒரு பெயருண்டு. அவர் நஞ்சைக் கழுத்தில் நிறுத்தினார். இது ஒயிலை வயிற்றில் நிறுத்துகிறது. இதற்கு மேலும் ஒப்புமை தேடுவது சைவத்துக்கும் நல்லதல்ல, இஞ்சினுக்கும் நல்லதல்ல.

2. வரலாற்றுப் பின்னணி

ஆய்வுக்குரிய வாகனம் 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர், 948 சீசீ. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த இந்தக் கார், விற்பனையில் பத்து இலட்சத்தைத் தாண்டிய முதல் பிரித்தானியக் கார். இசிகோனிஸ் எத்தனையோ விதமான வீதிகளை யோசித்திருப்பார். எங்கள் ஒழுங்கையில் தலைநீட்டி நிற்கும் முருகைக்கல்லை யோசித்திருக்க மாட்டார்.

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ் குடாநாட்டின் மொரிஸ்களும் ஒஸ்ரின்களும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிச் சம்புக்குள் இறங்கி ஒயிலை நீர்க்கச் செய்யும். ஒயில் குறையாமல் கூடுவது போலவும் தோன்றும். கஷ்டகாலத்தில் எங்களுக்குக் கூடியது அது ஒன்றுதான். பின்னர் 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, கோழி படுத்திருந்த கார்களெல்லாம் ஒரே இரவில் சொத்தாகின. கோழிகள் இடம்பெயர்ந்தன.

அந்த முருகைக்கல் சம்பில் இடித்தது ஒருநாள். ஆனால் குற்றம் முழுவதும் கல்லினதல்ல. கார் ஓடும் பண்ணைப் பாலத்திலும் வாணர் தாம்போதியிலும் இருபுறமும் கடல். உப்புக்காற்று பல வருடமாக இரும்பைத் தின்று வைத்திருந்தது. கல் கடைசிக் கடியை மட்டுமே கடித்தது.

3. முந்தைய கொள்கைகள்

ஒயில் சொட்டத் தொடங்கியதும் படலையடியில் அறிஞர் அவை கூடியது. மூன்று கொள்கைகள் முன்வைக்கப்பட்டன.

சவர்க்காரவாதம்: "உதுக்கேன் கறாஜ்? ஒரு துண்டுச் சவர்க்காரத்தைத் தேய்ச்சு விடுங்கோ." பெற்றோல் டாங்கிக்கு இது நன்று, சவர்க்காரம் பெற்றோலில் கரையாது. ஆனால் சம்புக்குள் இருப்பது கொதிக்கும் ஒயில். சூட்டில் சவர்க்காரம் இளகிவிடும். ஒழுங்கை மட்டும் சுத்தமாகும்.

பைபர்வாதம்: வள்ளம் திருத்தும் பக்கத்து வீட்டு அண்ணை சொன்னது. "கடல் உள்ள வரக்கூடாது எண்டால் பைபர். ஒயில் வெளிய போகக்கூடாது எண்டாலும் பைபர்தானே தம்பி?" தர்க்கத்தில் பிழையில்லை. ஆனால் எண்ணெய் ஊறிய இரும்பில் பைபர் ஒட்டாது என்பதைத் தர்க்கம் கணக்கில் எடுக்கவில்லை.

மாற்றுவாதம்: சம்பையே மாற்றுவது. யாழ்ப்பாணத்துக் கறாஜ் ஒன்று கேட்ட கூலியைக் கேட்டதும் நான் இதன் வீட்டுச்செய்கைப் பிரிவில் சேர்ந்தேன்.

4. களப்பணி

நெடுந்தீவில் இதே மொடல் சம்ப் ஒன்று 'சும்மா கிடக்கிறது' என்று தகவல் வந்தது. குறிகட்டுவானில் நயினாதீவுக்குப் போகும் அடியார்கள் பூத்தட்டோடு ஒரு வரிசை. நான் ஒரு வரிசை. ஒரு மணிநேரக் கடல். இறங்கி முருகைக்கல் வேலிகளுக்கிடையே நடந்து போய்ப் பார்த்தால், சம்ப் சும்மா கிடக்கவில்லை. நாலு ஆடு அதில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன.

"தாறன் தம்பி. ஆனா ஆட்டுக்கு ஒரு பேசின் வாங்கித் தந்திட்டுக் கொண்டு போங்கோ," என்றார் வீட்டு அம்மா. நெடுந்தீவில் குடிதண்ணீரின் அருமை தெரிந்தவர் எவரும் இதை மறுக்கமுடியாது. எனவே ஆய்வின் முதற் கட்டத்தில் மாற்றப்பட்டது காரின் சம்ப் அல்ல, ஆட்டின் தொட்டி. திரும்பும் வழியில், என் மடியிலிருந்த பொருளைக் கண்ட ஒரு பாட்டி, எந்தக் கோயில் நேர்த்தி என்று பரிவோடு விசாரித்தார்.

5. செய்முறை

காரைத் தூக்கும் யக்கை மட்டும் நம்பி அதனடியில் போகிறவர் தன் மரணவீட்டுக்கு முற்பணம் கட்டுகிறவர். நான் பனங்குற்றிகளை அடுக்கினேன். தால விலாசம் பனைக்கு 801 பயன் சொல்வதாகச் சொல்வார்கள், இது 802ஆவது. இஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கும்போது ஒயிலை வடிக்கவேண்டும். ஆறினால் இறங்காது, கொதித்தால் முழங்கைவரை இறங்கும்.

காஸ்கெட் கிடைக்கவில்லை. நாட்காட்டியின் பின்மட்டையைச் சம்ப் விளிம்பில் வைத்து உருண்டைத்தலைச் சுத்தியலால் மெல்லத் தட்டினால், விளிம்பு தன் உருவத்தைத் தானே வெட்டித் தரும். மட்டையிலிருந்த அம்மன் படத்தை மனைவி முதலிலேயே உரித்துப் பத்திரப்படுத்திவிட்டாள். காஸ்கெட்டுக்கு இரண்டு பக்கமும் சிலிக்கன் பூசி, இரு முனைகளிலும் கோர்க் துண்டுகளை வைத்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மாறி மாறி, சிறிது சிறிதாக இறுக்கவேண்டும். சம்ப் போல்ட் இறுக்கம் பலத்தின் கலையல்ல, நிறுத்துவதன் கலை. பைபர்வாதி அண்ணை "இன்னும் ஒரு சுத்து" என்றார். வலை இழுத்த கை அது. ஒரு போல்ட் முறிந்தது.

முறிந்த போல்ட்டை எடுக்க யாழ்ப்பாணத்துக்கு ஒரு பயணம். புது ஒயில், மூன்றரை லீற்றருக்குச் சற்று மேல். மறுநாட் காலை காரின் கீழே ஒரு கறுப்புப் பொட்டு. ஒயில் வடிக்கும் நட்டின் செப்பு வளையத்தைப் போட மறந்திருந்தேன். மறுபடி ஒயில், மறுபடி பயணம்.

6. முடிவுகள்

கறாஜ் கூலியையும் எனது செலவையும் ஒப்பிட்ட அட்டவணை, குடும்ப அமைதி கருதி இங்கே நீக்கப்படுகிறது. அதிலிருந்து பெறப்பட்ட விதியை மட்டும் தருகிறேன்: ஓட்டை ஆக்கப்படலாம், அழிக்கப்பட முடியாது, இடம் மட்டுமே மாறும். சம்பிலிருந்து ஒயில் வடிக்கும் நட்டுக்குப் போனது. அங்கிருந்து என் சட்டைப்பைக்கு வந்தது. 

இவ்விதிக்கு ஒரு விலக்கு உண்டு. பழைய சம்பை எறிய மனம் வராமல் கிணற்றடியில் வைத்திருந்தேன். மனைவி அதை மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவி, மண் நிரப்பிக் கற்றாழை நட்டாள். சவர்க்காரவாதம் அங்கேதான் வென்றது. மற்றச் சாடிகளில் மாரித்தண்ணீர் தேங்கிக் கற்றாழை அழுகிற்று. இதில் மட்டும் தண்ணீர் அளவாக வடிந்து, செழித்து நிற்கிறது.

சாடிக்கு ஓட்டை போடவேண்டிய தேவையே இருக்கவில்லை என்றாள். முழு ஆய்விலும் மிச்சம் பிடிக்கப்பட்டது அது ஒன்றுதான்.