ஐராவதம் திரும்பி நிற்கும் ஊர்

எங்கள் பக்கத்தில் கடன்பட்ட சாமி ஒருவர், கடன்படாத சாமி ஒருவர். இருவருக்கும் நடுவே பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தூரம். திருப்பதிப் பெருமாள் கல்யாணச் செலவுக்குக் குபேரனிடம் கைநீட்டியவர்; கலியுகம் முடியும்வரை வட்டி கட்டுவதாக ஒப்பந்தம். கலியுகம் மொத்தம் 4,32,000 வருஷம். இவ்வளவு நீளமான தவணைக்கு எந்த பேங்க் மேனேஜரும் கையெழுத்துப் போட மாட்டார். அவருடைய மருமகன் எங்கள் முருகனோ வள்ளியைத் தினைப்புனத்திலேயே பேசி முடித்துக்கொண்டு திருத்தணி மலைக்கு வந்துவிட்டார். மண்டபம் இல்லை, சமையல் கான்ட்ராக்ட் இல்லை, அட்வான்ஸ் இல்லை.

ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. திருப்பதி ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. கடனும் உண்டியலும் அந்தப் பக்கம். கடனில்லாதவர் இந்தப் பக்கம். சேர்ந்த நாளைப் பாருங்கள், நிதியாண்டின் முதல் நாள். கணக்கு வழக்கில் கெட்டியாக இருக்க வேண்டிய ஊர்.

அந்த ஊர்க்காரன் நான், வயது 48. இந்த வயதுக்காரனை எந்தத் திட்டமும் விரும்புவதில்லை. அடல் பென்ஷனில் சேர 40-க்குள் இருக்க வேண்டும், தாண்டியாயிற்று. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு 60 ஆக வேண்டும், ஆகவில்லை. பிபிஎப் மட்டும் வா என்கிறது. 15 வருஷம், 7.1 சதவீதம். வருஷம் தவறாமல் ஒன்றரை லட்சம் கட்டினால் 63-ஆவது வயதில் நாற்பது லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். அந்த ஒன்றரை லட்சத்தை வருஷா வருஷம் யார் கொடுப்பார்கள் என்று விண்ணப்பத்தில் போடவில்லை.

பணம் பெருக்கும் வித்தையெல்லாம் நாங்கள் கற்பது வேலைக்குப் போகும் காலை எலெக்ட்ரிக் ரயிலில். அரக்கோணத்தில் சீட்டுக்கட்டு கோஷ்டி ஏறும். திருவள்ளூரில் ஷேர் மார்க்கெட் கோஷ்டி. ஷேர் கோஷ்டியில் ஒருவர் செல்போனில் தட்டிக் காட்டுவார்: “மாசம் பத்தாயிரம், பன்னெண்டு பர்சன்ட், பதினஞ்சு வருஷம். ஐம்பது லட்சம் சார்!” கணக்கு சரிதான். ஆனால் அந்த 12 சதவீதத்துக்கு யாரும் ஜாமீன் நிற்கவில்லை. விலைவாசி வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறினால் அந்த ஐம்பது லட்சத்துக்கு இன்றைய மதிப்பு ஏறக்குறைய 21 லட்சம். இதைச் சொன்னால் அடுத்த நாள் உட்கார இடம் தர மாட்டார்கள். நான் வாயைத் திறப்பதில்லை.

ரயில் திருநின்றவூரைத் தாண்டும்போதெல்லாம் பூசலார் நாயனார் நினைவுக்கு வருவார். கையில் காசில்லாமல் மனசுக்குள்ளேயே கல் சுமந்து, சுவர் எழுப்பி, கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறித்தவர். காஞ்சியில் கஜானாவைத் திறந்து கற்றளி எழுப்பிய பல்லவ ராஜாவின் கனவில் சிவபெருமான் வந்து, அன்றைக்கு நான் பூசலார் கோயிலுக்குப் போக வேண்டும், உன்னுடையதை வேறு நாளில் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். சம்பளக்காரர்களுக்குக் குலகுரு என்று ஒருவர் வேண்டுமானால் இவர்தான். எங்கள் கம்பார்ட்மென்டில் ஆவடி வருவதற்குள் ஆளுக்கொரு கோடி கட்டி முடித்திருப்போம்.

வீட்டில் நிஜக் கட்டுமானம் நடத்துகிறவள் என் மனைவி. அவளிடம் ஏலச்சீட்டு உண்டு, தீபாவளிச் சீட்டு உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாக நகைக்கடைச் சீட்டு உண்டு. அது ஏன் 11 மாதத்தோடு முடிகிறது என்று ஒருநாள் அவளுக்கு விளக்கினேன். பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துவிட வேண்டும். தாண்டினால் டெபாசிட் கணக்கில் சேர்ந்துவிடும் என்று கம்பெனிச் சட்ட விதி இருக்கிறது. அதுதான் காரணம்.

“நம்ம மலைக்கும் 365 படிதானே?” என்றாள்.

“அது வருஷத்தின் நாள் கணக்கு.”

“இதுவும் அப்படித்தானேங்க. ஏறி முடிச்சா தரிசனம். நீங்க ரயில்ல கட்டின கோடியில ஒரு குண்டுமணி காட்டுங்க பாக்கலாம்.”

செய்கூலி, சேதாரம், ஜிஎஸ்டி என்று நான் பட்டியலை ஆரம்பித்தபோது அவள் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். போகட்டும். தங்கம் விற்கும் விலையில் அந்த வாதம் இப்போதைக்கு எடுபடாது.

இந்தச் சேமிப்பெல்லாம் யாருக்கு? மகளுக்கு. நடுவயதில் எங்கள் ஊர்க்காரன் சேர்க்கும் பணத்துக்கு ஓய்வுக்காலம் என்ற முகவரி கிடையாது. கல்யாண மண்டபம்தான் முகவரி. இதற்குச் சாட்சி மலைமேலேயே நிற்கிறது. தெய்வானையைக் கட்டிக்கொடுத்தபோது இந்திரன் ஐராவதத்தைச் சீதனமாகக் கொடுத்தான். கூடவே ஒரு சந்தனக் கல்லும். யானை போனதும் தேவலோகத்தின் செல்வம் தேய ஆரம்பித்தது. இந்திரன் வந்து முறையிட, யானையைத் திருப்பிக் கொடுக்க முருகன் முன்வந்தார். கொடுத்த சீதனத்தைத் திரும்ப வாங்குவது அழகில்லை; தன் லோகத்தைப் பார்த்து நின்றால் போதும் என்றான் மாமனார். அதனால்தான் மற்ற கோயில்களில் வாகனம் சாமியைப் பார்த்து நிற்க, இங்கே யானை திரும்பி நிற்கிறது. தேவர்களுக்கே ராஜா, ஒரே ஒரு பெண் கல்யாணம், நிதிநிலைமை இப்படி ஆயிற்று. நான் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர்.

போன ஆடிக் கிருத்திகையன்று காவடிக் கூட்டத்தில் நசுங்கி இறங்கி, நிழலாக ஓரிடம் பார்த்து உட்கார்ந்தோம். நல்ல சந்தர்ப்பம் என்று மகளிடம் தலபுராணத்தை எடுத்துச் சொன்னேன். முருகனுக்கு இரண்டு கல்யாணம். தெய்வானை கல்யாணத்தில் மாமனாருக்கு யானையே போயிற்று. வள்ளி கல்யாணத்தில் மாமனார் நம்பிராஜனுக்குச் சல்லிக்காசு செலவில்லை. பெரியவர்கள் இதையெல்லாம் சும்மா எழுதி வைக்கவில்லை, கொஞ்சம் யோசித்துப் பார் என்றேன். மனைவி பார்த்த பார்வை தணிய, இந்த மலையில் முருகன் சினம் தணிந்ததைவிட அதிக நாள் ஆகும் போலிருந்தது.

மகள் கரும்புச் சாற்றை உறிஞ்சி முடித்தாள். “வள்ளி உடனே சரின்னு சொல்லலைப்பா. பிள்ளையார் யானையா வந்து பயமுறுத்தினதுக்கு அப்புறம்தான் ஒத்துக்கிட்டாங்க. அங்கயும் ஒரு யானை தேவைப்பட்டுச்சு. முருகனுக்கு அண்ணன், ஓசியில வந்தாரு. வாடகைக்குன்னா என்ன ரேட்டுன்னு விசாரிச்சு வைங்க.”