ரீப்ளேஸ்மென்ட் உண்டுங்க மேடம்

"பயப்படாதீங்க மேடம். ஆள் புடிக்கலீன்னா மாத்திக் குடுத்துருவமுங்க. ரெண்டு மாசத்துக்கு ரீப்ளேஸ்மென்ட் ஃப்ரீங்க."

கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு உண்டு, வாரண்டி கார்டு உண்டு, கல் தேய்ந்தால் கொத்திக் கொடுக்க ஆள் உண்டு. அதே ஊரில் இப்போது குழந்தை பார்க்கிற பெண்ணுக்கும் வாரண்டி வந்துவிட்டது. ஒரே வித்தியாசம், கிரைண்டர் வாங்கும்போது "எந்த ஆளுங்க?" என்று யாரும் விசாரிப்பதில்லை.

சரவணம்பட்டி, பீளமேடு பக்கத்து அடுக்குமாடிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிற விளம்பரம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: 'பாப்பாவைப் பார்த்துக்க ஆள் தேவை. தங்கி வேலை. வயது 30 முதல் 45. நீட்டாக இருக்க வேண்டும். சைவம் நல்லது. அனுபவம் அவசியம். குடும்பப் பொறுப்பு இல்லாதவர். ஃபோன் பார்க்கக் கூடாது. சமையலுக்குக் கொஞ்சம் கூடமாட.'

அனுபவம் வேண்டுமாம், அந்த அனுபவத்தைக் கொடுத்த பிள்ளைகள் மட்டும் ஆகாதாம். இரண்டு பெற்று வளர்த்திருக்க வேண்டும். வேலைக்குச் சேருகிற அன்று காலை அந்த இரண்டும் ஆவியாகிப் போயிருக்க வேண்டும். 'கொஞ்சம் கூடமாட' என்பது காலை இட்லியில் ஆரம்பித்து ராத்திரி பாத்திரத்தில் முடிகிற வேலை. 'நீட்டாக' என்றால் என்ன என்று விளம்பரத்தில் எழுத மாட்டார்கள். ஃபோனில் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "தப்பா எடுத்துக்காதீங்க, அவங்க எந்த ஊர்ப் பக்கம்? எந்த ஆளுங்க?" டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்தால் வழக்குப் பாயும் என்பது எல்லோருக்கும் தெரியும். மாடுலர் கிச்சனில் சிங்க்குக்கு அடியில் தனியாகக் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளர் மேல் யார் வழக்குப் போடுவது? பெற்ற பிள்ளையைப் பகல் முழுக்க அவள் இடுப்பில் ஏற்றிவிடுகிறார்கள். பிள்ளைக்கு ஒட்டாத தீட்டு டம்ளருக்கு மட்டும் எப்படித்தான் ஒட்டுகிறதோ!

சம்பளத்துக்கு வருவோம். மாதம் பதினெட்டாயிரம், சாப்பாடு, படுக்க இடம். படுக்கிற இடம் பாப்பாவின் கட்டிலுக்குக் கீழே. தமிழ்நாடு அரசு 2018-இல் வீட்டுப் பணியாளர்களுக்கு மணிக்கு 37 ரூபாய் என்று குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்தது. இருபத்துநாலு மணி நேரமும் அதே வீட்டில் கிடப்பவளுக்குப் பதினெட்டாயிரத்தைப் பிரித்துப் பார்த்தால் மணிக்கு 25 ரூபாய். "தூங்குகிற நேரத்துக்குமா கூலி?" என்பீர்கள். சரி, எட்டு மணி நேரத்தைக் கழித்துக்கொள்வோம். 37 ரூபாய் 50 காசு வருகிறது. அதாவது 2018-ஆம் வருஷத்து விலைவாசிக்கு அரசு போட்ட கூலியைவிட அரை ரூபாய் அதிகம்! தர்மப் பிரபுக்கள் ஐயா நீங்கள். ராத்திரி மூன்று மணிக்குப் பாப்பா வீறிட்டு அழும்போது எழுந்து பால் கலக்குகிறவள் யார் என்ற கேள்வியை மட்டும் கேட்டுவிடாதீர்கள், அந்த அரை ரூபாயும் போய்விடும்.

இதில் ஆளை அனுப்பி வைக்கிற ஏஜென்சிக்காரர் பங்கு தனி. வீட்டுக்காரரிடம் சர்வீஸ் சார்ஜ், பெண்ணிடம் முதல் மாதச் சம்பளத்தில் பிடித்தம், இரண்டு பக்கமும். கொங்கு மண்ணுக்கு இது புதிது இல்லை. வால்பாறை எஸ்டேட்டுக்குக் கங்காணிகள் முன்பணம் கொடுத்து ஆள் ஏற்றிய கதையை அங்கே டாக்டராக இருந்த பி.எச். டேனியல் 1969-இல் 'ரெட் டீ' நாவலாகவே எழுதினார். அப்புறம் சுமங்கலித் திட்டம் வந்தது. மூன்று வருஷம் மில்லில் நூற்றால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று புரோக்கர்கள் தெற்கத்திச் சீமைப் பெண்பிள்ளைகளைக் கூட்டிவந்து மில் ஹாஸ்டலில் அடைத்தார்கள். 2011-இல் நெதர்லாந்திலிருந்து இரண்டு அமைப்புகள் இதைப் பற்றி அறிக்கை போட்ட பிறகுதான் நம் ஊர்க் கனவான்கள் பலருக்கு அதிர்ச்சியே வந்தது. இன்று கங்காணியிடம் கம்பு இல்லை, ஜிபே ஸ்கேனர் இருக்கிறது.

ஆள் தேடிவிட்டு வேலைக்குப் போகிற தாயைத் திட்டிவிட்டுப் போவது எனக்கும் சுலபம்தான். ஆனால் அவளை இந்தச் சந்தைக்குத் துரத்தியது யார்? 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனம் குழந்தைக் காப்பகம் வைத்தே ஆக வேண்டும், தாய் நாளைக்கு நாலு தடவை போய்ப் பிள்ளையைப் பார்த்துவரலாம் என்று 2017-இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தினார்கள். கோவையில் எத்தனை கம்பெனியில் இருக்கிறது என்று எச்.ஆரிடம் கேட்டுப் பாருங்கள். ஜூம்பா வகுப்பு இருக்கிறது, டேபிள் டென்னிஸ் இருக்கிறது, மகளிர் தினத்துக்கு ஆளுக்கொரு ரோஜா இருக்கிறது. பாப்பாவின் அப்பாவும் இருக்கிறார், ஆனால் மேற்படி விளம்பரத்தில் அவரைக் காணோம். ஏஜென்சி ஃபோனில் "மேடம், மேடம்" என்றே கூப்பிடுவதால் தனக்குச் சம்பந்தமில்லை என்று இருந்துவிட்டார் போலும்.

கடைசியாக வெரிஃபிகேஷன். ஆதார் நகல், இரண்டு போட்டோ, போலீஸ் சரிபார்ப்பு, பழைய வீட்டுக்காரரின் நம்பர். போதாததற்கு ஹாலில் கேமரா. பிள்ளையை ஒப்படைக்கிறோம், விசாரிக்க வேண்டியதுதான். வீட்டையும் யாராவது விசாரிக்க வேண்டாமா? 2013-ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வீட்டையும் பணியிடம் என்கிறது. வீட்டுப் பணியாளர் மாவட்டத்தில் உள்ள உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம். இதை எந்த ஏஜென்சியாவது அந்தப் பெண்ணுக்குச் சொல்லியிருக்கிறதா? வீட்டுப் பணியாளருக்கென்று தேசிய அளவில் தனிச் சட்டமே இல்லை என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டி, குழு போடச் சொன்னது. குழு கூடட்டும், டீ குடிக்கட்டும்.

அதுவரை, பொட்டியைக் கட்டிக்கொண்டு ஏஜென்சி வாசலில் உட்கார்ந்திருக்கிற பெண் ஒருத்தி கேட்டுப் பார்க்கட்டும்: "ஏனுங்க, அந்த வூட்ல எனக்கு முந்தி எத்தன பேரு வந்து நின்னுட்டாங்க? ஏன் நின்னாங்க? அந்த சாரு எப்புடி?"

"அக்கா, இப்புடியெல்லாம் கேட்டீங்கன்னா உங்கள எங்கயும் அனுப்ப முடியாதுங்க."