எந்த மு.சு.? — மொய் நோட்டு வழியே ஒரு வம்சாவளி ஆய்வு

வம்சாவளி ஆராய்கிறவர்கள் கல்வெட்டில் தொடங்குவார்கள். எங்கள் குலத்துக்கு வாய்த்த ஒரே வெட்டெழுத்து பரண்மேல் கிடக்கும் பித்தளை அண்டாவின் கழுத்தில் இருக்கிறது: 'மு.சு.' சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. எந்த மு.சு.?

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். 'பெயரன்'தான் 'பேரன்' ஆனது. இனிஷியலோ அப்பா பெயரிலிருந்து வருவது. ஆகவே மு.சு.வுக்குப் பிறந்தவர் சு.மு., அவருக்குப் பிறந்தவர் மறுபடி மு.சு. பங்காளி வீடு மூன்றிலும் இதே இரண்டு பெயர்தான். மரம் வரைய உட்கார்ந்தவனுக்குக் கிடைத்தது ஊஞ்சல்.

காலத்தை வைத்துப் பிரிக்கலாம் என்றால், கிடைத்த ஒரே ஜாதகத்தில் 'பிரபவ வருஷம்' என்று மட்டும் இருக்கிறது. அறுபது வருஷச் சுற்றில் பிரபவ 1867, 1927, 1987 மூன்றிலும் வந்துபோயிருக்கிறது. எங்களில் தலைமுறைக்கு முப்பது வருஷம் என்பதால் மூன்று பிரபவத்திலும் தவறாமல் ஒரு மு.சு. பிறந்திருக்கிறார். கடைசி ஆள் நான். ஜாதகம் என்னுடையதல்ல என்பது இவ்வாய்வின் முதல் உறுதியான முடிவு. பள்ளிச் சான்றிதழிலுள்ள பிறந்த தேதியை நான் கணக்கில் எடுக்கவில்லை. கையைத் தலைக்கு மேல் வளைத்துக் காதைத் தொட்டவுடன் வாத்தியார் போட்ட தேதி அது.

உறவுமுறையை வைத்துப் பிரிக்கலாம் என்றால் அதுவும் கைகொடுக்கவில்லை. அமெரிக்க அறிஞர் லூயிஸ் ஹென்றி மார்கன் 1871இல் வெளியிட்ட உறவுமுறை நூலில் தமிழரின் முறையும் இரோகுவாய் மக்களின் முறையும் ஒத்திருப்பதை வியந்து எழுதினார். பெரியப்பாவும் அப்பாதான், சித்தப்பாவும் அப்பாதான் என்பதில் இரு சாராருக்கும் கருத்து வேறுபாடில்லை. பெரியவருக்கு நம் கல்யாணப் பத்திரிகை ஒன்று கிடைத்திருந்தால் இன்னும் இரண்டு பாகம் எழுதியிருப்பார்.

முடிச்சு அவிழ்ந்தது தாத்தாவின் தங்கை வீட்டில். அத்தைப் பாட்டி தகரப் பெட்டியைத் திறந்து நீள நோட்டு ஒன்றை எடுத்தார். நான்கு மூலையிலும் மஞ்சள், முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. உள்ளே: 'கிணத்தடி மு.சு. 5', 'மேலவீட்டு மு.சு. 2', 'ரங்கூன் மு.சு. 11'. மூன்று ஆள், மூன்று அடையாளம், குழப்பமே இல்லை. அண்டாவில் பெயர் வெட்டியவனுக்கு அண்டா போனால் அண்டா. மொய் வாங்கி எழுதிவைத்தவனுக்கோ யாருக்குத் திருப்பிச் செய்யவேண்டும் என்ற கவலை. வரலாற்றுணர்வு என்பது கடன்பட்டவனுக்கே கைகூடும் என்பது என் கருதுகோள்.

ரங்கூன்காரரைப் பற்றி வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை. 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது கால்நடையாகவே ஊர் திரும்பியவராம். "வந்தவரு ஆறு மாசம் செருப்பே போடலை, கால் அப்படி வெடிச்சிருந்துச்சு" என்றார் பாட்டி. அண்டா அவருடையதா என்று கேட்டேன். "அவரு எங்கிட்டு அண்டாவைத் தூக்கிட்டு வந்தாரு" என்றவர், இன்னொரு நோட்டைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தார்.

"உங்கப்பன் கல்யாணத்துக்கு நாங்க எழுதுனது நூத்தியொண்ணு. இன்னும் திரும்பி வரலை, பேராண்டி. அடுத்த மாசம் கொள்ளுப்பேரனுக்குக் காதுகுத்து."

வந்து எழுதிவிடுகிறேன், மு.சு. என்று போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

"எந்த மு.சு.ன்னு பட்டப்பேரைச் சேர்த்துச் சொல்லு."