அடைப்புக்குறிக்குள் அகப்பட்ட குடும்பம்

மகள் காமர்ஸ்தான் படிக்கப் போகிறாள் என்று முடிவானதும், பெரிய கண்டம் தாண்டிவிட்டதாகத்தான் நினைத்தேன். விண்ணப்பத்தைத் திறந்தால், பி.காம். என்பது வெறும் குலப்பெயர், வாரிசுகள் ஏராளம். எங்கள் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கல்லூரிகளில் பி.காம். என்று போட்டு, பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி திறப்பார்கள். உள்ளே சி.ஏ. இருக்கும், பி.ஏ. இருக்கும், ஐ.டி. இருக்கும், பேங்கிங் அண்ட் இன்சூரன்ஸ் இருக்கும். அடைப்புக்குறி இல்லாத வெறும் பி.காம். ஒரு மூலையில், சீர் கொண்டுவராத தாய்மாமன் மாதிரி நிற்கும்.

நான் படித்த காலத்தில் இந்தச் சங்கடம் இல்லை. விண்ணப்பம் கொடுக்கிற இடத்தில் எந்த வரிசை குட்டையோ அதில் நின்றேன். அது தாவரவியல். இப்போது பம்ப்செட் கம்பெனி ஒன்றில் டெஸ்பாட்ச் பார்க்கிறேன்; வீட்டில் நான் வைக்கும் கறிவேப்பிலைச் செடி வருஷம் தவறாமல் பட்டுப்போகிறது. இந்தத் தகுதிகளோடு மகளுக்கு வழிகாட்ட உட்கார்ந்தேன்.

"சி.ஏ.ன்னு போட்டிருக்குதல்லோ, அதையே எடுக்கச் சொல்லு கண்ணு. மூணு வருசத்துல புள்ள ஆடிட்டராயிரும்" என்றார் அம்மா. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. வாசலில் மாட்ட வேண்டிய பெயர்ப்பலகையின் நீள அகலம்வரை மனசுக்குள் போய்விட்டேன்.

"அப்பா, அது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்ங்க" என்றாள் மகள்.

கணக்குப் பாடத்தோடு புரோகிராமிங்கும் டேட்டாபேஸும் சேர்ந்து வருமாம். ஆடிட்டர் ஆவதற்கு வேறு வாசல்: 1949 சட்டப்படி அமைந்த பட்டயக் கணக்காளர் நிறுவனம் நடத்தும் தேர்வுகள், நடுவில் இரண்டு வருஷ ஆர்ட்டிகிள்ஷிப். காமர்ஸ் பட்டதாரி 55 சதவீதம் வாங்கியிருந்தால் ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக இன்டர்மீடியட்டுக்குப் போகலாம். பி.காம். சி.ஏ.தான் வேண்டும் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

நான் அசரவில்லை. "சரி, பி.காம். பி.ஏ. எடுத்துக்கோ. ஒரே ஃபீஸ்ல ரெண்டு டிகிரி." அது புரொஃபஷனல் அக்கவுன்டிங் என்று சொல்லிவிட்டு, மகள் தன் அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையின் பொருளை நான் விசாரிக்கவில்லை.

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் மச்சான் போனில் வந்தார். "ஃபாரின் டிரேட் போடுங்க மாப்ளே, டாலர்ல சம்பாதிக்கலாம்." எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வங்கி மேலாளரோ பேங்கிங்கைத் தவிர மற்றதெல்லாம் வீண் என்றார். வங்கி அதிகாரித் தேர்வு எழுத ஏதாவது ஒரு டிகிரி போதும், தாவரவியல்கூடப் போதும் என்று மகள் சொன்னதும், அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அநாவசியம்.

"மார்க்கெட்டிங் எடுத்தால் என்ன? நம்ம ரத்தத்திலேயே இருக்குது" என்று சொல்லிப் பார்த்தேன்.

"ஏனுங்க, பழைய ஸ்கூட்டரை விக்கறேன்னு போய், எடுத்துட்டுப் போனவனுக்கு ஆட்டோ காசும் குடுத்தனுப்புனீங்களே, அந்த ரத்தமுங்களா?" சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தாலும் என் மனைவிக்கு இதெல்லாம் கேட்கும்.

மகள் அத்தனை பிரிவுகளின் பாடத்திட்டத்தையும் பிரின்ட் எடுத்து மேஜையில் பரப்பி, பென்சிலால் டிக் அடிக்க ஆரம்பித்தாள். மொழிப்பாடமும் ஆங்கிலமும் எல்லோருக்கும் உண்டு. நிதிக் கணக்கியல், வணிகச் சட்டம், காஸ்ட் அக்கவுன்டிங், கம்பெனிக் கணக்கு, வருமான வரி எல்லாம் அநேகமாக எங்கும் உண்டு. அடைப்புக்குறிக்குச் சொந்தமான பேப்பர்கள் என்று கடைசியில் மிஞ்சியது ஒரு கைப்பிடிதான். அந்தக் கைப்பிடிக்காகத்தான் மூன்று ஊர்ச் சொந்தமும் போனில் கத்திக்கொண்டிருந்தது. கணக்கு பிடித்திருக்கிறது, பிறகு சி.ஏ. தேர்வு எழுதுகிற எண்ணமும் இருக்கிறது என்று அவள் பி.ஏ.வையே எடுத்தாள். நான் சொன்னதைத்தான் கேட்டாள் என்று அலுவலகத்தில் சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருந்தால், கல்லூரி வாசலில் உள்ள பேனரைப் படிக்காதீர்கள். ஆறு செமஸ்டருக்கும் என்னென்ன பேப்பர் என்று கேட்டு வாங்கிப் படியுங்கள். பி.காம். சி.ஏ. முடித்தவர் ஆடிட்டர் ஆகிவிட மாட்டார் என்பதை மட்டும், கல்யாணப் பேச்சு எடுப்பதற்குள் பாட்டியிடம் சொல்லிவிடுங்கள்.