உறுப்புக் குறைவும் விலை உயர்வும்: மிதிவண்டியியலில் ஒரு விசாரணை

மூலம் ஒன்றே. 1885-இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த ‘ரோவர்’ சைக்கிள்தான் அது. ஏறக்குறைய ஒரே அளவில் இரண்டு சக்கரம், நடுவில் பெடல், பின் சக்கரத்துக்குச் செயின். மூன்றாண்டு கழித்து டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு வந்தவர்களெல்லாம் உரையாசிரியர்கள். சிலர் பதவுரை எழுதினார்கள், சிலர் அகலவுரை. ஆனால் ஓர் உரை 2,80,000 ரூபாய்க்கு விற்பனையாகி, அதுவும் சொந்த அக்காள் வீட்டுக் கூடத்தில் வந்து நிற்கும்போது, ஆராய்ச்சியாளன் சும்மா இருக்க முடியாது.

முதலில் வரையறை. பழைய சைக்கிள் என்பது தொலைந்துபோனால் வீட்டில் சண்டை வருவது. புதிய சைக்கிள் என்பது வாங்கினாலே வருவது. இந்த ஆய்வுக்கு முதல் வகையில் என் அப்பாவின் ஹெர்குலஸை எடுத்துக்கொண்டேன். அம்பத்தூரில் பிறந்தது, அரிசி மண்டித் தராசில் 22 கிலோ. இரண்டாம் வகைக்கு அக்காள் மகனின் கார்பன் ஃபைபர் வண்டி. 8 கிலோ. 14 கிலோவைக் குறைக்க 2,80,000 ரூபாய் என்றால் கிலோவுக்கு 20,000. நான் இரவுச் சாப்பாட்டில் இரண்டு தோசையைக் குறைத்திருந்தால் இதே பலன் இலவசமாகக் கிடைத்திருக்கும் என்று அக்காள் குறுக்கிட்டாள். அது இந்த ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்ததில் ஒரு விதி புலப்பட்டது. நிறுத்த முடியவில்லை என்பதிலிருந்தே விதி தொடங்குகிறது: புதியதற்கு ஸ்டாண்டு கிடையாது. மட்கார்டு இல்லை. கேரியர் இல்லை. செயின் கவர், டைனமோ, பெல் எதுவும் இல்லை. அப்பாவின் வண்டியில் முன் சக்கரத்துக்கு 32, பின் சக்கரத்துக்கு 40, ஆக 72 கம்பி. புதியதில் இரண்டுக்கும் சேர்த்து 44. இதற்கெல்லாம் சிகரம் வைத்தாற்போல், இந்த விலையில் விற்கும் பந்தய சைக்கிள்கள் பலவற்றைப் பெடலே இல்லாமல்தான் விற்கிறார்கள். பையன் பெடலைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கினான். ஆகவே விதி இது: சைக்கிளின் விலை, அதிலிருந்து கழற்றப்பட்ட உறுப்புகளின் எண்ணிக்கைக்கு நேர் விகிதத்தில் இருக்கும். பந்தய வண்டி 6.8 கிலோவுக்குக் கீழே போகக்கூடாது என்று சர்வதேச சைக்கிள் சங்கம் 2000-இல் வரம்பு கட்டிவிட்டது. இல்லாவிட்டால் இந்நேரம் உலகின் மிக விலை உயர்ந்த சைக்கிளாக வெறும் ரசீது மட்டுமே மிஞ்சியிருக்கும்.

ரிம் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 29 இஞ்ச் என்று பெருமையடித்து விற்கும் மலைச் சைக்கிளின் ரிம் விட்டம் 622 மில்லிமீட்டர். தபால்காரர் மிதித்த 28 x 1½ வண்டியின் ரிம் 635. இதை நான் யாரிடம் சொன்னாலும் பேச்சை மாற்றுகிறார்கள்.

கழற்றப்பட்டவை வெறும் அலங்காரம்தானே என்று கேட்கலாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது புதுக்கோட்டை மாவட்டப் பெண்கள் பெருந்திரளாகச் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். அவர்களில் பலர் ‘லேடீஸ்’ வண்டியைவிட ‘ஜென்ட்ஸ்’ வண்டியையே விரும்பினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். காரணம், அந்த பார். அதில் குழந்தையை உட்கார வைக்கலாம். கேரியரில் தண்ணீர்க் குடம். ஆக, பார் என்பது ஒரு ஆசனம். கேரியர் என்பது ஒரு சரக்கு லாரி. புதிய வண்டி சுமக்கச் சம்மதிப்பது ஒரே ஒரு தண்ணீர் பாட்டிலை.

எதிர்த்தரப்புச் சான்றையும் மறைக்கக் கூடாது. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் மிதிக்கலாம் என்ற போட்டியில் 1972-இல் எடி மெர்க்ஸ் மெக்சிகோ நகரில் 49.431 கிலோமீட்டர் போனார். கிறிஸ் போர்ட்மன் 1996-இல் நவீன வண்டியில், கைகளை முன்னே நீட்டிப் படுத்த வாக்கில், 56.375 போனார். அதே போர்ட்மன் 2000-இல் மெர்க்ஸ் காலத்துப் பாணி வண்டியில் ஏறினார்: 49.441. மெர்க்ஸைவிடச் சரியாகப் பத்து மீட்டர் கூடுதல். எனவே புதுமைக்கு மணிக்கு ஏழு கிலோமீட்டர் மதிப்பு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் பெரும்பங்கு காற்றை ஏமாற்றுவதில் வருவது. வேகம் இரட்டித்தால் காற்றைக் கிழிக்க எட்டு மடங்கு சக்தி வேண்டும். பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில், எதிரே வருகிறவரிடம் ‘பொண்ணுக்கு வரன் அமைஞ்சுதா?’ என்று கேட்டபடி போகிறவனுக்குக் காற்று அவ்வளவு பகையாளி அல்ல.

களஆய்வு கும்பகோணத்திலிருந்து சுவாமிமலை வரை, 8 கிலோமீட்டர். டெல்டாவில் ஏற்றம் என்றால் பாலம்தான். பெயரில் மலை இருக்கிறதே என்று அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தேன். அந்த மலை கட்டப்பட்ட மலை, 60 படி. எந்த கியரும் அதில் ஏறாது.

பையன் 20 நிமிடத்தில் போய்விட்டான். எனக்கு 32. மிச்சப்பட்ட 12 நிமிடத்தை அவன் என்ன செய்தான் என்பதுதான் ஆய்வின் மையக் கேள்வி. சுவரில் சாய்த்து வைத்த வண்டிக்குக் காவல் நின்றான். நான் வந்தேன், ஸ்டாண்டைத் தட்டினேன், பூட்டாமல் விட்டேன், முருகனைப் பார்த்தேன், நிதானமாக இறங்கினேன். அவன் அங்கேயே நின்றான். அவன் சார்பில் நானே திருநீறு வாங்கி வந்தேன்.

திரும்பும்போது அவன் டயரில் முள். சாலையோரம் ஒரு சைக்கிள் கடை இருந்தது. ‘ஓவராயில் செய்து தரப்படும்’ என்று பலகை. (ஆங்கில மூலச் சொல் வேறு என்பார்கள், எல்லா இடத்திலும் எண்ணெய் விடுவதால் நம் பாடமே பொருத்தம்.) கடைக்காரப் பெரியவர் ஊசி மாதிரி இருந்த அந்த வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வால்டியூப் எங்க தம்பி?”

“இதுல அது கிடையாதுங்க.”

“அப்ப இதுக்கு ஊத என்கிட்ட வாய் இல்லையே.”

எடைக் குறைவின் உண்மையான பயன் அப்போதுதான் விளங்கியது. பையன் என் கேரியரில் ஏறி உட்கார்ந்து, 2,80,000 ரூபாயைத் தோளில் மாட்டிக்கொண்டான். நான் 75 கிலோ, அவன் 65, வண்டி 8. மொத்தம் 148 கிலோவை ஹெர்குலஸ் முனகாமல் இழுத்தது. 22 கிலோ வண்டியை இப்படித் தோளில் மாட்டியிருக்க முடியாது என்பதை ஒரு நேர்மையான ஆய்வாளனாகக் குறிப்பிட வேண்டும்.

நேர்மை இன்னொரு இடத்திலும் தேவைப்படுகிறது. தூறல் போட்டது. பாலத்து இறக்கம். நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் கட்டை வழுக்கியது; பிடித்தேன், பிடித்துக்கொண்டே இருந்தேன், வண்டி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் இடது செருப்பைத் தரையில் ஊன்றித்தான் நிறுத்தினேன்.

“மாமா, டிஸ்க் பிரேக்கா இருந்தா டக்குனு நின்னிருக்கும்” என்றான் பின்னாலிருந்து. மறுக்க முடியவில்லை. ஆகவே தீர்ப்பு: பிரேக் ஒன்றுக்கு மட்டும் புதிய வண்டிக்குக் காசு கொடுக்கலாம், மற்றதெல்லாம் இல்லாத உறுப்புகளுக்குக் கொடுக்கும் விலை.

வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பரணில் 28 இஞ்ச் கம்பி பிரேக் வண்டிக்கான கட்டை ஒரு ஜோடி கிடந்தால் தயவுசெய்து எடுத்து வையுங்கள். ஐப்பசி நெருங்குகிறது, எனக்கு இடது செருப்பு தேய்ந்துவிட்டது.