சேலை கட்டிய பாப்

இன்றைக்கு கிழக்கு லண்டனின் இல்ஃபோர்ட் லேனில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் அது ஏதோ ஒரு சேலைக்கடைக் கண்ணாடியில்தான் போய் விழும். 1982-இல் கதை வேறு. பிபிசியின் ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ மேடையில் 17 வயதுப் பெண் ஒருத்தி சேலை கட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் பாடியதை, ஏதோ வானத்திலிருந்து இறங்கிய ஜந்துவைப் போல பிரிட்டன் பார்த்தது.

பெயர் ஷீலா சந்திரா. தென்னிந்திய வேர், பிறந்தது லண்டன் வாட்டர்லூவில். இல்ஃபோர்டுக்கும் அவருக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. அதற்காக ‘நம்ம பிள்ளை’ என்று சொந்தம் கொண்டாடாமல் விட்டுவிடுவோமா என்ன?

பாட வருவதற்கு முன்பே பிபிசி அவருக்கு ஒரு வேலை கொடுத்திருந்தது. ‘கிரேஞ்ச் ஹில்’ என்ற பள்ளிக்கூட நாடகத் தொடரில் 1979 முதல் 1981 வரை நடித்தார். பாத்திரத்தின் பெயர் சுதாமணி படேல். முதல் பாதி கும்பகோணம் அக்ரகாரம், மறுபாதி அகமதாபாத் மளிகைக்கடை. அந்தக் கல்யாணத்தை எந்தத் தரகர் முடித்துவைத்தார் என்று யாரும் கேட்கவில்லை. கறுத்த முடி இருந்தால் படேல். அதற்கு மேல் ஆராய்ச்சி செய்ய அன்றைய தொலைக்காட்சிக்கு நேரமில்லை.

பிறகு ஸ்டீவ் கோ, மார்ட்டின் ஸ்மித் என்ற இரண்டு வெள்ளைக்காரர்களோடு ‘மான்சூன்’ குழு. ‘எவர் ஸோ லோன்லி’ பாட்டு தரவரிசையில் 12-ஆம் இடம்வரை ஏறியது. அதே வசந்தத்தில்தான் ‘யாசூ’ குழுவின் ‘ஒன்லி யூ’ 2-ஆம் இடத்தில் உட்கார்ந்திருந்தது. அதை எழுதிய வின்ஸ் கிளார்க் சவுத் வுட்ஃபோர்டில் பிறந்தவர், இன்று இல்ஃபோர்ட் இருக்கும் அதே ரெட்பிரிட்ஜ் வட்டாரம். ஆக உள்ளூர்ப் பிள்ளை சிந்தசைசர் மெஷினைத் தட்டிக்கொண்டிருக்க, நம்ம பிள்ளை சித்தாரையும் தபேலாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

அடுத்து பீட்டில்ஸின் ‘டுமாரோ நெவர் நோஸ்’ பாட்டை மான்சூன் தன் பாணியில் பாடியது. 1966-இல் நம்மூர்த் தம்புரா சுருதியைக் கைமாற்றாக வாங்கிப் போட்ட பாட்டு அது. கடன் கொடுத்த வீட்டிலிருந்து ஆள் வந்து வசூலித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இசைத்தட்டை வெளியிட்ட ஃபோனோகிராம் கம்பெனிக்கும் குழுவுக்கும் ஒத்துவரவில்லை. 1982-இலேயே குழு கலைந்தது. ‘தேர்ட் ஐ’ என்ற முழு ஆல்பம் 1983-இல் வெளிவந்தது. திவசம் முடிந்தபின் பெயர்சூட்டு விழா!

எண்பதுகளில் ‘இண்டிபாப்’ என்ற சிறு நிறுவனத்தில் தனி ஆல்பங்கள். அவற்றைத் தாண்டி 1992-க்கு வந்துவிடுவோம்; பாடகர் பீட்டர் கேப்ரியலின் ‘ரியல் வேர்ல்ட்’ இசை நிறுவனத்தில்தான் விஷயமே இருக்கிறது. ‘ஸ்பீக்கிங் இன் டங்ஸ்’ என்ற பெயரில் அம்மணி, தாளச் சொற்களை வாயாலேயே சொல்லும் கொன்னக்கோலை எடுத்து விட்டார். சென்னையில் மார்கழிக் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதி சபா கேன்டீனுக்கு எழுந்து போகும், அது நம் மரபு. இங்கே மிருதங்கம் இல்லை, வயலின் இல்லை, கீரை வடையும் இல்லை. ஒரே ஒரு வாய். அதுவும் ஜதிக்கு நடுவே முணுமுணுப்பு, இங்கிலீஷ் வம்பு எல்லாம் கலந்து ஓடுகிறது. எந்த வித்வானிடம் காட்டினாலும் முகம் சுளிப்பார், ஆனால் தாளத்தில் கை தட்டிக்கொண்டேதான் சுளிப்பார். 1996-இல் இன்னும் ஒரு படி மேலே போய் சுருதியையே பாட்டாக்கி ஒரு முழு ஆல்பம். கச்சேரி எப்போது ஆரம்பிக்கும் என்று காத்திருந்தவர்கள் இன்னும் காத்திருக்கலாம்.

2002-இல் ‘ஜகாட்டா’ என்ற பெயரில் வந்த நடன இசைக்காரர் அந்தப் பழைய ‘எவர் ஸோ லோன்லி’யை நடனப் பாட்டாக மாற்ற, அது முதல் பத்துக்குள் நுழைந்தது. அதே ஆண்டு ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ இரண்டாம் படத்திலும் அவர் குரல். 2010 வாக்கில் வாய் எரியும் நோய் ஒன்று வந்து பாட்டை நிறுத்திவிட்டது, பேசினாலே வலி. இதில் மட்டும் கிண்டலுக்கு இடமில்லை.

அம்மணியோ ஓயவில்லை. வீட்டில் குப்பை சேராமல் இருப்பது எப்படி என்று புத்தகம் எழுதினார். பல் துலக்கும் பிரஷை எப்படித் தொலைக்காமல் வைத்திருக்கிறோமோ அப்படியே எல்லாவற்றையும் வைக்க வேண்டுமாம். காலி ஐஸ்கிரீம் டப்பாவில் கறிவேப்பிலை வைக்கும் இல்ஃபோர்ட் சமையலறைகளுக்குள் அந்தப் புத்தகம் நுழைந்ததாகத் தகவல் இல்லை.